மேன் பக்கம் இல்லாத நிரல், வவுச்சர் இல்லாத செலவு

டிஸ்கி: இது கணினி பற்றிய பதிவு. ஆனால் கணினி படித்தவர்களுக்கு மட்டும் எழுதியது இல்லை. டெபிட், கிரெடிட் தெரிந்தாலே போதும்.

"பி.காம். படிக்கிற ஆளுக்கு லினக்ஸ் எதுக்கு?" என்று கேட்கும் வகுப்புத் தோழர்களுக்கு என் பதில் ஒரே வார்த்தைதான்: கணக்கு. 'லெட்ஜர்' என்று ஒரு நிரல் இருக்கிறது. ஜான் வீக்லி என்பவர் 2003ல் உருவாக்கியது. சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் வரவு செலவை எழுதி வைத்தால் இரட்டைப் பதிவு முறைப்படி கூட்டிக் கழித்து இருப்பைச் சொல்லிவிடும். பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கறுப்புத் திரைக்குள் போனவர்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு. 'மேன்'. மேனுவல் என்பதன் சுருக்கம்.

எந்தக் கட்டளையின் பெயருக்கும் முன்னால் 'மேன்' என்று தட்டினால் அதற்கான கையேடு திரையில் விரியும். பெயர், எப்படித் தட்டுவது, என்ன செய்யும், ஒவ்வொரு தெரிவுக்கும் என்ன பொருள், எந்தக் கோப்பைத் தொடும், இன்னும் சரியாகாத குறை என்ன, கூடவே வேறு எதைப் படிக்கலாம் என்று எல்லாமே ஒரு வரிசையில் இருக்கும். ஒரு பக்கத்தைப் படிக்கப் பழகிவிட்டால் ஆயிரம் பக்கத்தையும் படிக்கலாம், ஏனென்றால் அமைப்பு ஒன்றுதான். நம்ம ஐந்தொகை மாதிரி. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சொத்து எங்கே, பொறுப்பு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டலாம் இல்லையா, அப்படி.

சிக்கல் எங்கே என்றால், இப்போதெல்லாம் 'மேன்' தட்டினால் பல நேரம் கையேடு வருவதில்லை. 'நோ மேனுவல் என்ட்ரி' என்று ஒரு வரி வரும். அல்லது 'மேன்' என்ற கட்டளையே இல்லை என்று வரும். இதைச் சின்ன விஷயம் என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேன் பக்கம் இல்லாத நிரலை முடிந்த வேலை என்றே சொல்லக்கூடாது என்பது என் கட்சி.

தணிக்கை பாடத்தில் ஒரு விஷயம் சொல்லித் தருவார்கள். வவுச்சர் இல்லை என்றதும் திருட்டு என்று முடிவுகட்டக் கூடாது, ஏன் இல்லை என்று முதலில் கேட்க வேண்டும். அதே மாதிரி கேட்டுப் பார்ப்போம்.

ஏன் இல்லை? ஐந்து காரணம்

ஒன்று, நியாயமான காரணம். லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது 'சிடி'. ஒரு கோப்புறையில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் கட்டளை. 'மேன் சிடி' என்று தட்டினால் உபுண்டு போன்ற பல கணினிகளில் பக்கம் இல்லை என்றுதான் வரும். காரணம், 'சிடி' தனி நிரலே அல்ல. ஒரு தனி நிரல் தான் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். தன்னை அழைத்த ஷெல் நிற்கும் இடத்தை மாற்ற முடியாது. அதனால் அந்த வேலையை ஷெல்லே தனக்குள் வைத்திருக்கிறது. அதற்கு விளக்கம் வேண்டும் என்றால் 'ஹெல்ப் சிடி' என்று தட்ட வேண்டும், அல்லது பாஷ் ஷெல்லின் நீளமான மேன் பக்கத்துக்குள் தேட வேண்டும். காரணம் சரிதான். ஆனால் முதல் நாள் வந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? முதல் கட்டளைக்கே கதவு மூடியிருந்தால் இரண்டாவது கதவைத் தட்ட மாட்டான்.

இரண்டு, விண்டோஸில் ஓடும் யூனிக்ஸ் மாதிரிச் சூழல்கள். கல்லூரியில் 'கிட்' கற்றுக்கொள்கிற பலர் விண்டோஸ் லேப்டாப்பில் கிட் பாஷ் நிறுவுவார்கள். பார்ப்பதற்கு அசல் யூனிக்ஸ் மாதிரியே இருக்கும். 'எல்எஸ்' வேலை செய்யும், 'கிரெப்' வேலை செய்யும். 'மேன்' மட்டும் கிடையாது. 'கிட் ஹெல்ப்' என்று கேட்டால் உலாவியில் ஒரு பக்கம் திறக்கும், அது கிட்டுக்கு மட்டும்தான். கூட வரும் மற்ற நிரல்களுக்கு '--ஹெல்ப்' என்று தட்டிக் கிடைக்கும் சுருக்கத்தோடு சமாளிக்க வேண்டும். புத்தகம் இல்லாமல் பின்னட்டை மட்டும் கொடுத்த மாதிரி.

மூன்று, இடத்தை மிச்சம் பிடிப்பது. சர்வர்களில் டாக்கர் என்ற பெட்டிகளுக்குள் லினக்ஸை ஓட்டுகிறார்கள். பெட்டி சின்னதாக இருந்தால் வேகமாக இறங்கும். அதனால் டெபியனின் 'ஸ்லிம்' பதிப்பில் மேன் பக்கங்களையும் ஆவணங்களையும் எடுத்துவிடுகிறார்கள். ஆல்பைன் லினக்ஸில் ஆவணங்கள் 'டாக்' என்று முடியும் தனிப் பொதிகளாக இருக்கும், வேண்டும் என்பவர் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். உபுண்டுவின் சுருக்கப்பட்ட பதிப்பில் 'மேன்' தட்டினால் ஒரு அறிவிப்பு வரும்: மனிதர்கள் உள்ளே வந்து வேலை செய்யாத கணினிக்காக இது சுருக்கப்பட்டிருக்கிறது, கையேடுகள் திரும்ப வேண்டும் என்றால் 'அன்மினிமைஸ்' கட்டளையை ஓட்டுங்கள் என்று. ஆள் இல்லாத கிடங்குக்கு நாற்காலி வேண்டாம் என்பது சரியான வாதம்தான். ஆனால் அந்த அறிவிப்பைப் படிக்க ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறாரே! ஆள் இல்லாத இடத்துக்காகச் செய்ததை ஆள் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் பிரச்சினை.

நான்கு, உரிமச் சண்டை. இது கொஞ்சம் சுவாரசியமானது. ஜிசிசி என்பது சி மொழி நிரல்களைத் தொகுக்கும் புகழ்பெற்ற கட்டற்ற மென்பொருள். டெபியனில் ஜிசிசி நிறுவினால் அதன் மேன் பக்கம் கூடவே வராது. காரணம், அந்தக் கையேட்டின் உரிமம். குனு கட்டற்ற ஆவண உரிமத்தில் "இந்தப் பகுதியை யாரும் மாற்றக்கூடாது" என்று சில பகுதிகளைப் பூட்டி வைக்க இடம் உண்டு. 2006ல் டெபியன்காரர்கள் இதற்காக வாக்கெடுப்பே நடத்தினார்கள். மாற்ற முடியாத பகுதி இல்லாத கையேடு கட்டற்றது, இருந்தால் கட்டற்றது அல்ல என்று முடிவானது. ஜிசிசி கையேட்டில் அப்படிப் பகுதிகள் இருந்ததால் அது 'நான்-ஃப்ரீ' என்ற தனிப் பிரிவுக்குப் போனது. இரண்டு தரப்பும் சுதந்திரத்துக்காகத்தான் பேசினார்கள். நடுவில் கையேடு இல்லாமல் நின்றது மாணவன்.

ஐந்து, யாரும் எழுதவில்லை. இதுதான் உண்மையில் பெரிய காரணம். நிரல் எழுதுவது ஜாலி, கையேடு எழுதுவது வேலை. டெபியன் விதிமுறையில் ஒவ்வொரு நிரலுக்கும் மேன் பக்கம் இருக்க வேண்டும், இல்லை என்றால் அதுவே ஒரு பிழை என்று இருக்கிறது. ஆனாலும் ஒரு காலத்தில் பக்கம் எழுதாத நிரல்களை எல்லாம் 'அன்டாக்குமென்டட்' என்ற ஒரே பொதுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இந்த நிரலுக்குக் கையேடு இல்லை என்று சொல்வதற்கு ஒரு கையேடு! சஸ்பென்ஸ் அக்கவுன்ட் ஞாபகம் வருகிறதா? டேலி ஆகாததை எல்லாம் அதில் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோமே, அதேதான் :)

எப்படித் தொடங்கியது என்று பாருங்கள்

யூனிக்ஸின் முதல் கையேடு வந்த தேதி 1971 நவம்பர் 3. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எழுதியது. யூனிக்ஸ் வளர்ந்த கதையிலேயே ஆவணம் இருக்கிறது. புதிய பிடிபி-11 கணினி வாங்க நிர்வாகத்திடம் அவர்கள் சொன்ன காரணம், ஆவணங்கள் தயாரிக்கும் வசதி செய்து தருகிறோம் என்பதுதான். அதை முதலில் பயன்படுத்தியவர்கள் அதே நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் தட்டச்சு செய்தவர்கள்.

அந்த முதல் கையேட்டில் எனக்குப் பிடித்த விஷயம் இரண்டு. ஒன்று, 'பக்ஸ்' என்ற தலைப்பு. தன் நிரலில் என்ன குறை என்று எழுதியவரே எழுதி வைப்பது. இன்னொன்று, 'ஓனர்' என்ற தலைப்பு. இந்த நிரலுக்கு யார் பொறுப்பு என்று பெயர் போடுவது. தணிக்கை அறிக்கையின் கடைசியில் கையெழுத்து இருக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டக் மெக்கில்ராய் அங்கே அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். பின்னாளில் ஒரு பேட்டியில் அவர் சொன்னதன் சாரம் இது: கையேட்டின் அடுத்த பதிப்பு வரப்போகிறது என்றால் எல்லோரும் பரபரப்பாக நிரல்களைத் திருத்துவார்களாம். ஒரு அசிங்கத்தை எழுத்தில் வைக்க வெட்கமாக இருக்கும், அதனால் அசிங்கத்தையே சரிசெய்துவிடுவார்கள். எனக்கு இதுதான் முக்கியமான வாதம். கையேடு படிக்கிறவருக்கு மட்டும் உதவுவதில்லை, எழுதுகிறவரையும் திருத்துகிறது. விளக்க முடியாத தெரிவு ஒன்று இருந்தால் அது தவறான தெரிவு என்று எழுதும்போதுதான் தெரியும். குறிப்பு எழுத முடியாத பதிவை நாம் நோட்டில் ஏற்றுவோமா?

சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 2(40)ஐ எடுத்துப் பாருங்கள். நிதிநிலை அறிக்கை என்றால் என்ன என்ற விளக்கத்தில் ஐந்தொகை, லாப நட்டக் கணக்கு, பணப்புழக்க அறிக்கை ஆகியவற்றோடு விளக்கக் குறிப்புகளும் சேர்ந்தே வருகின்றன. குறிப்பு ஒட்டுத்தாள் அல்ல, அறிக்கையின் ஒரு உறுப்பு. எண் மட்டும் தந்துவிட்டு "குறிப்பு இணையத்தில் எங்காவது இருக்கும், தேடிக்கோங்க" என்று ஒரு கம்பெனி சொன்னால் விடுவோமா? மென்பொருளுக்கு மட்டும் ஏன் விடுகிறோம்?

"அதான் கூகுள் இருக்கே"

இதைச் சொல்லாத ஆள் இல்லை. இப்போது கூடவே "அதான் ஏ.ஐ. இருக்கே" என்பதும் சேர்ந்துவிட்டது. மூன்று பதில் சொல்கிறேன்.

முதல் பதில், பதிப்பு. கோப்பில் உள்ள சொற்களை மாற்ற 'செட்' என்ற நிரல் இருக்கிறது. கோப்பிலேயே நேரடியாக மாற்ற '-ஐ' என்ற தெரிவு. லினக்ஸில் இருக்கும் குனு பதிப்பில் அதை அப்படியே போடலாம். மேக் கணினியில் இருக்கும் பிஎஸ்டி பதிப்பில் அதற்குப் பின்னால் காப்புப் பிரதிக்கான பின்னொட்டு ஒன்றையும் கொடுத்தாக வேண்டும், வேண்டாம் என்றால் வெறும் மேற்கோள் குறியாவது வைக்க வேண்டும். இணையத்தில் ஒருவர் எழுதியது அவர் கணினிக்குச் சரி. உங்கள் கணினியில் இருக்கும் பதிப்புக்குச் சரியா என்று உங்கள் கணினியில் இருக்கும் மேன் பக்கம்தான் சொல்லும். பக்கத்துக் கடை ரேட் கார்டை வைத்து நம்ம கடையில் பில் போட முடியாது.

இரண்டாவது, சரிபார்ப்பு. ஏ.ஐ. சொல்லும் பதில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. நானும் கேட்கிறேன். ஆனால் இல்லாத தெரிவை இருப்பதாக அதே நம்பிக்கையான குரலில் சொல்வதும் உண்டு. அதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? மூல ஆவணத்தோடு. மூல ஆவணத்தை நீக்கிவிட்டு சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது தணிக்கை இல்லை, நம்பிக்கை.

மூன்றாவது, இணைப்பு. இது கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30ல் தானே புயல். 2015ல் வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். ஒவ்வொரு முறையும் முதலில் போவது கரண்ட், அடுத்தது டவர். அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கம்மாபுரத்தில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். பேட்டரி இருக்கும்வரை லேப்டாப் ஓடும், அதில் இருக்கும் கையேடும் இருக்கும். புயல் இல்லாத நாளிலும் அன்றைக்கான டேட்டா தீர்ந்தால் ராத்திரி பதினொன்றரைக்கு எந்தத் தேடுபொறியும் கிடையாது என்பதை ஹாஸ்டல் நண்பர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

நெய்வேலியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையத்தில் 1962ல் மின் உற்பத்தி தொடங்கியது. 2020ல்தான் அதை நிறுத்தினார்கள். 58 வருஷம். திறந்த நாளில் வேலைக்கு வந்தவர் ஒருவர்கூட மூடிய நாளில் வேலையில் இருந்திருக்க முடியாது. வெளிநாட்டுக்காரர் செய்த இயந்திரம், ஊர் மாறி, மொழி மாறி, தலைமுறை மாறி ஓடியிருக்கிறது. கைமாறிய அனுபவத்தோடு எழுதி வைத்த கையேடும் இல்லாமல் அது நடக்குமா? செய்தவர் போன பிறகும் பொருள் வாழ வேண்டும் என்றால் எழுத்து வேண்டும். இது டர்பைனுக்கும் பொருந்தும், பத்து வரி நிரலுக்கும் பொருந்தும்.

காசு யார் கொடுப்பது?

காமர்ஸ் ஆள் இதைக் கேட்காமல் விட முடியாது. லினக்ஸ் கெர்னலையும் சி நூலகத்தையும் விளக்கும் மேன் பக்கங்களுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. 2004 முதல் பல ஆண்டுகள் மைக்கேல் கெரிஸ்க் பராமரித்தார். அவருக்குப் பிறகு அலெஹாந்த்ரோ கொலோமார். 2024 செப்டம்பரில் கொலோமார், ஆதரவு இல்லாமல் இனி தொடர முடியாது என்று வேலையை நிறுத்திவைத்தார். உலகம் முழுக்க சர்வர்கள் ஓடுவது லினக்ஸில். அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதருக்குச் சம்பளம் இல்லை! நல்ல வேளை, சில மாதங்களுக்குள் சில நிறுவனங்கள் சேர்ந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாக ஒரு வருடத்துக்கு நிதி கொடுக்க முன்வந்தன.

இங்கே நடப்பது நம்ம பாடத்தில் வரும் பொதுப் பண்டம்தான். எல்லோருக்கும் பயன், யாருக்கும் பில் கிடையாது. அதனால் யாரோ ஒருவர் செய்வார் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். ஊர் ஏரியைத் தூர்வாருவது மாதிரி. ஒருவருக்கு ஒரு வருஷ நிதி என்பதை நிரந்தரத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். லினக்ஸால் சம்பாதிக்கும் கம்பெனிகள் கையேட்டுக்கும் தங்கள் செலவுக் கணக்கில் ஒரு வரி வைக்க வேண்டும்.

தமிழில்?

மேன் பக்கங்களை மொழிபெயர்ப்பதற்கும் ஒரு கூட்டுத் திட்டம் உண்டு. ஜெர்மன், பிரெஞ்சு, ருமேனியம், வியட்நாமியம் என்று பட்டியல் நீளம். தமிழ் அதில் இல்லை.

தொழில்நுட்பத் தடை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. கணினியின் மொழியைத் தமிழ் என்று அமைத்தால், 'மேன்' கட்டளை கையேட்டுக் கோப்புறைக்குள் தமிழுக்கான 'டிஏ' என்ற உட்கோப்புறையை முதலில் தேடும். இல்லை என்றால் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டும். அதாவது நாற்காலி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள், உட்காரத்தான் ஆள் இல்லை. ஒரு உண்மையான சிக்கல் உண்டு. டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்கும். தமிழ் எழுத்து அப்படி அடங்காது, பல டெர்மினல்களில் கொம்பும் காலும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அதற்கும் வழி இருக்கிறது. 'மேன்' கட்டளையிலேயே பக்கத்தை உலாவியில் திறக்கும் தெரிவு உண்டு, உலாவியில் தமிழ் ஒழுங்காகவே தெரியும்.

ஆள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். கணியம் இதழ் 2012ல் இருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. 'எளிய தமிழில்' என்று தொடங்கும் அவர்களுடைய மின்னூல்கள் எத்தனையோ பேருக்கு முதல் பாடம். நமக்குப் பக்கத்தில் விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. ஆனால் புத்தகம் வேறு, மேன் பக்கம் வேறு. புத்தகத்தைத் தேடிப் போக வேண்டும். மேன் பக்கம் நாம் தடுக்கி விழுந்த இடத்திலேயே இருக்கும்.

ஆங்கில வழியில் படித்தவருக்கு இது பெரிதாகத் தெரியாது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, வீட்டில் கேட்க ஆள் இல்லாமல், அரசு கொடுத்த லேப்டாப்பில் தானாக ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் பையனையும் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். சென்னையில் இருந்தால் சந்திப்புகளுக்குப் போய்க் கேட்கலாம், சீனியரைக் கேட்கலாம். கம்மாபுரத்தில் வாத்தியார் அந்தப் பக்கம்தான். அதையும் கிழித்து எடுத்துவிட்டால், இந்தத் துறை ஏற்கெனவே ஆள் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் சொல்லப் போவதில்லை. மூன்று விஷயம்.

கல்லூரி ஆய்வகக் கணினிகளில் சுருக்கப்பட்ட பதிப்பைப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் 'அன்மினிமைஸ்' ஓட்டிவிட்டு மாணவர்களிடம் கொடுங்கள். சர்வருக்கு மிச்சம், மாணவனுக்கு நஷ்டம் என்ற கணக்கு வேண்டாம்.

இரண்டு, கணினி படிக்கும் நண்பர்களே, ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும்போது ஐம்பது பக்க பைண்டிங்கோடு ஒரு மேன் பக்கமும் எழுதுங்கள். பெயர், பயன்பாடு, தெரிவுகள், குறைகள். இருபது முப்பது வரி போதும். அதை எழுத முடியவில்லை என்றால் ப்ராஜெக்ட் நீங்கள் செய்ததுதானா என்று சார் கேட்பதில் தப்பே இல்லை. கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஆசை, ஆனால் நிரல் எழுத வராது என்கிறவர்களுக்கும் இதுதான் வாசல். பக்கம் இல்லாத நிரல் ஒன்றைத் தேடி, ஓட்டிப் பார்த்து, எழுதி அனுப்புங்கள்.

மூன்று, தமிழ். எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டாம். தினமும் கை போகும் இருபது கட்டளைகள் போதும். ஆளுக்கு ஒன்று எடுத்தால் இருபது பேர். நம்ம வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லித் தருகிற மாதிரி எழுத வேண்டும்.

நான் 'எல்எஸ்' எடுத்துக்கொள்கிறேன். 'சிபி', 'எம்வி', 'கிரெப்' காலியாக இருக்கின்றன. யார் எதை எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

பி.கு: 'ஆர்எம்' எடுப்பவர் மட்டும் 'குறைகள்' பகுதியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதவும். அழித்தால் அழித்ததுதான், ரீசைக்கிள் பின் எல்லாம் அங்கே கிடையாது :)